கூரை மாற்றும் நாள்

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தநாடு மந்தில் ஒரு கோயில் இருக்கிறது. கோபுரம் இல்லை, கொடிமரம் இல்லை, உள்ளே சிலையும் இல்லை. வட்டமாகக் கல் அடுக்கிய தாழ்வான மதில், அதற்குள் அண்ணாந்து பார்க்கவைக்கும் ஒரு புல் கூம்பு, கூம்பின் உச்சியில் ஒரு தட்டைக் கல். அவ்வளவுதான். சமவெளிக்காரர்களுக்கு முதல் பார்வையில் வைக்கோற்போர் நினைவுக்கு வரும். கொஞ்சம் நின்று பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். கூரைப் புல்லின் விளிம்பு கத்தரித்துவிட்டதுபோல ஒரே மட்டத்தில் சுற்றி வந்திருக்கும். வாசல் என்பது ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதற்குள் போக உரிமையுள்ளவர் பூசாரி ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் இடம் மதிலுக்கு வெளியே.

நீலகிரியில் எருமை வளர்க்கும் பழங்குடியினரான தோடர்கள் இதை மூன்போ என்கிறார்கள்; மந்து என்பது அவர்களுடைய குடியிருப்பு. அவர்களுடைய கோயில் அடிப்படையில் ஒரு பால்மனை. புனித எருமைகளின் பாலைக் கறந்து, உறையூற்றி, கடைந்து வெண்ணெய் எடுக்கும் வேலையே அங்கே வழிபாடு. அதைச் செய்கிறவர் பூசாரி. கறக்கும் பாத்திரமும் கடையும் பாத்திரமும்தான் மூலவர் இடத்தில் இருக்கின்றன. ஆங்கிலேய மானிடவியலர் ரிவர்ஸ் 1902இல் நீலகிரிக்கு வந்து, 1906இல் ‘தி தோடாஸ்’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். பால்மனைகளின் படிநிலைகள், பாத்திரங்களின் பெயர்கள், எந்தப் பாத்திரம் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கே அதில் பக்கம் பக்கமாக இடம் போயிருக்கிறது. பெரும்பாலான பால்மனைகள் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தது போன்ற அரைவட்டக் கூரை உடையவை. கூம்பு வடிவம் அன்றே அபூர்வம். முத்தநாடு மந்தை ரிவர்ஸ் ‘நொட்ர்ஸ்’ என்ற அதன் தோடப் பெயரால் குறிப்பிடுகிறார். அந்தக் கூம்புக் கோயிலையும் பதிவுசெய்திருக்கிறார்.

ஆனால் ரிவர்ஸ் பார்த்த கூம்பும் இன்று நாம் பார்க்கும் கூம்பும் ஒன்றா? இடம் ஒன்று, வடிவம் ஒன்று. அன்றிருந்த புல்லில் ஓர் இதழ்கூட இன்று இல்லை. மூங்கிலும் பிரம்பும் எத்தனையோ முறை மாறியாகிவிட்டன. நம் ஊர்க் கோயில்களில் பாலாலயம் செய்து திருப்பணி நடந்து குடமுழுக்கு முடியும்போது சுதையும் வண்ணமும் புதிதாகியிருக்கும். கல் அப்படியே இருக்கும். ‘ஆயிரம் ஆண்டுக் கோயில்’ என்று சொல்லும்போது அந்தக் கல்லின் வயதைத்தான் சொல்கிறோம். தோடர் கோயிலுக்கு அப்படி ஒரு வயதைச் சொல்ல முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை முழுதாக மறுபடி எழுப்பியாக வேண்டும். எழுப்பத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும், எழுப்பக் கூடிவர ஆள் இருக்க வேண்டும், எழுப்பும் பொருள் மலையில் கிடைக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் மிஞ்சுவது ஒரு வட்ட மதில் மட்டுமே. இந்த மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்போகிறேன். நீலகிரிப் பழங்குடிப் பண்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகும் இடம் அது.

கூரை மாற்றும் வேலை ஒரு நாளில் முடிகிற வேலை கிடையாது. முதலில் புல் சேர வேண்டும். கூரைக்கு ஏற்ற அவுல் புல் மந்துக்கு அருகில் இப்போது கிடைப்பதில்லை. தொலைவான மலைச் சதுப்புகளிலிருந்து அறுத்துக் கட்டிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. மூங்கிலும் பிரம்பும் வேறு வேறு காடுகளிலிருந்து வர வேண்டும். வேலையில் இறங்கும் ஆண்கள் விரதம் இருக்கிறார்கள். வளைத்த மூங்கில் சட்டத்தின் மேல் மெல்லிய கழிகளை நெருக்கமாக வரிந்து, பிரம்பால் கட்டி, அதன் மேல் புல் கற்றைகளை அடுக்குவது பொதுவான முறை. எந்தக் கூரை வேய்ச்சலும் இறவாரத்தில் தொடங்கி மேலே போகும். மேல் வரிசை கீழ் வரிசையை மூடினால்தான் தண்ணீர் வழியும். கூம்பில் இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. அடி வட்டம் பெரிது, ஆகவே தொடக்கத்தில் பல கைகள் வேண்டும். மேலே போகப் போக வட்டம் சுருங்கும், ஆட்களும் குறைவார்கள். கடைசியில் புல் நுனிகள் எல்லாம் கூடும் உச்சிதான் மழைக்குத் திறந்த வாசல். அந்தத் தட்டைக் கல்லின் வேலை அதை அழுத்திப் பிடிப்பது என்று நினைக்கிறேன். நீலகிரியின் மேற்குப் பக்கம் பெய்வது சாதாரண மழை இல்லை. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மலையில் புல்லை நம்பிக் கோயில் கட்டியிருக்கிறார்கள்.

டிசம்பர், ஜனவரி வாக்கில் முத்தநாடு மந்தில் நடக்கும் மொற்பர்த் பண்டிகையைப் பார்த்தவர்களுக்கு அந்த மதிலின் முக்கியத்துவம் இன்னும் நன்றாகத் தெரியும். எல்லா மந்துகளிலிருந்தும் ஆண்கள் வந்து சேர்கிறார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பின்னிய பூத்துக்குளியைப் போர்த்தியபடி மூன்போவின் முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிடுகிறார்கள். பிறகு கைகோத்து வட்டமாக ஆட்டம். ஓர் ஆள் வரியை எடுத்துக் கொடுப்பார், வட்டம் அதை வாங்கிச் சுழற்றும். இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பலம் காட்டுவார்கள். நம் கிராமத்து இளவட்டக்கல்லை நினைத்துக்கொள்ளலாம்.

பெண்களுக்கு அங்கே இடமில்லை. இதை ‘மரபு’ என்று ஒரு சொல்லால் மூடிவிட்டு நகரும் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். தோடர்களின் கைவேலை என்று உலகம் அறிந்தது பெண்கள் போடும் பூ வேலைப்பாடு. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பண்டிகையில் கோயிலின் முன்னால் தரையைத் தொடும் ஒவ்வொரு பூத்துக்குளியும் ஒரு பெண்ணின் கையிலிருந்து வந்தது. அவர் மட்டும் அங்கே இல்லை. சமவெளியில் நமக்கும் இப்படிப்பட்ட வாசல்கள் உண்டு என்பதால் தோடர்களுக்குப் பாடம் எடுக்கும் தகுதி நமக்கில்லை. ஆனால் கண்டதைச் சொல்லாமல் விடுவதும் சரியில்லை.

எழுப்பத் தெரிந்தவர், கூடிவரும் ஆள், கிடைக்கும் பொருள் என்ற அதே மூன்று கேள்விகளை எதிர்கொண்ட இன்னொரு மக்களைப் பார்க்க, இங்கிருந்து ஒரு நெடுந்தொலைவுத் தாவல். கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், பசிபிக் கடலில் ஹைடா குவாய் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே வாழும் ஹைடா மக்கள் ஓங்கி வளர்ந்த செந்தேவதாரு மரத்தை வெட்டி, கரடி, அண்டங்காக்கை, கழுகு, திமிங்கலம் என்று தங்கள் குலச் சின்னங்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் செதுக்கி, கிராமத்தின் கடல் முகப்பில் நட்டார்கள். கொடிமரம்போலத் தோன்றினாலும் அது வழிபடுவதற்கானது அல்ல. இந்தக் குலத்துக்கு இந்தக் கதை உரியது, இந்த இடம் உரியது என்று ஊரறியச் சொல்லும் மரம் அது. அதை நிறுத்தும் நாளில் ஊரே கயிறு பிடித்து இழுக்கும். பிறகு விருந்து, ஆட்டம், கொடை. விருந்துக்கு வந்தவர்கள் பரிசை வாங்கிக்கொண்டு சாட்சிகளாகிறார்கள். எழுத்தும் பதிவு அலுவலகமும் இல்லாத சமூகத்தில் அதுதான் பத்திரப் பதிவு.

1862இல் அந்தக் கரையில் அம்மை பரவியது. பல ஆயிரமாக இருந்த ஹைடா மக்கள், நூற்றாண்டு திரும்பியபோது சுமார் 600 பேராகச் சுருங்கியிருந்தார்கள். அதே ஆண்டுகளில் நீலகிரியில் தோடர்கள் சுமார் 800 பேர். அம்மையிலிருந்து தப்பியவர்களைச் சட்டம் பிடித்துக்கொண்டது. கொடை விருந்துகளைக் கனடா அரசு தடைசெய்தது. 1885இல் நடைமுறைக்கு வந்த அந்தத் தடை 1951 வரை நீடித்தது. சாட்சிகளைக் கூட்ட வழியில்லாமல் போனபின் மரம் எதற்கு? நின்றவை சாய்ந்தன, மிஞ்சியவற்றில் பல அருங்காட்சியகங்களுக்குக் கப்பலேறின.

1969 ஆகஸ்ட் 22 அன்று ஓல்ட் மாசெட் என்ற கிராமத்தில் மறுபடி ஒரு மரம் எழுந்தது. செதுக்கியவர் ராபர்ட் டேவிட்சன், அப்போது இருபத்திரண்டு வயது. கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கிராமத்தில் நடந்த முதல் நாட்டல் அது. மரத்தைச் செதுக்க அவருக்குத் தெரியும். அதை எப்படி நிறுத்துவது, என்ன பாடுவது என்பது இளைஞர்கள் யாருக்கும் தெரியாது. முதியவர்கள் அவருடைய பாட்டன் பாட்டி வீட்டில் கூடி, ஆளுக்கொன்றாகத் துண்டு துண்டாக நினைவுபடுத்திப் பாடல்களை ஒட்டவைத்தார்கள். இந்தச் செய்தியை முதலில் படித்தபோது மரத்தைவிட அந்தக் கூடம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்தத் தலைமுறை இன்னும் பத்து ஆண்டுகள் காத்திருந்தால் கேட்பதற்கு ஆள் இருந்திருக்காது.

நீலகிரிக்கும் அந்தக் கரைக்கும் நடுவே ஆச்சரியமான ஒரு மனிதச் சங்கிலி இருக்கிறது. எட்வர்ட் சபீர் என்ற மொழியியலர் 1910 முதல் 1925 வரை ஒட்டாவாவில் கனடா அரசின் மானிடவியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். ஹைடா மொழியின் உறவுகளைப் பற்றி 1915இல் எழுதினார். கொடை விருந்துத் தடைக்கு எதிராக அரசு அதிகாரிகளுக்குக் கடிதமும் எழுதினார். பிற்பாடு யேல் பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் எமனோ. திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை பர்ரோவுடன் சேர்ந்து தொகுத்தாரே, அதே எமனோ. அவரும் கனடாவில், நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். 1935இல் இந்தியா வந்து, 1938 வரை தங்கி, தோடம், கோத்தம், படுகம் என்று மலைமொழிகளைக் காதால் கேட்டு எழுதிக்கொண்டார். மாய்ந்துகொண்டிருக்கும் மொழி என்றால் உடனே உட்கார்ந்து எழுது என்பது சபீர் வழிப் பழக்கம். அதன் பலன் நீலகிரிக்கு வந்து சேர்ந்தது.

எமனோவின் ‘தோடா சாங்ஸ்’ 1971இல் வந்தது. அதைப் புரட்டினால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். தோடப் பாட்டில் எதையும் ஒற்றையாகச் சொல்ல முடியாது. மூன்றசை கொண்ட சிறு தொடர், அதற்கு இணையாக இன்னொரு மூன்றசைத் தொடர் என்று எல்லாமே இரட்டையாக வரும். ஒவ்வொரு மந்துக்கும், ஒவ்வொரு கோயிலுக்கும், எருமை வகைக்கும் பாட்டில் வழங்கும் இணைப்பெயர்கள் உண்டு. பாடுகிறவர் அந்த இடத்திலேயே கட்டுவார். கேட்கிறவர்கள் எந்த மந்து, எந்தக் கோயில் என்று பெயரிணையிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். கோயில் மதிலுக்கு வெளியே நடக்கும் அந்த வட்ட ஆட்டத்தில் சுழல்வது இந்தப் பெயர்கள்தான். தோடர் மொழிக்கு எழுத்து கிடையாது. மலையின் நில வரைபடம் பாட்டில் இருக்கிறது. ஹைடா மரம் கடற்கரையில் நின்று சொன்னதை இங்கே வாய் சொல்கிறது: இந்தக் கோயில் எங்களுடையது, இந்தப் புல்வெளி எங்கள் எருமையுடையது.

அந்த வரைபடத்தில் இப்போது தண்ணீர் நிற்கும் இடங்கள் பல. முதலில் பைக்காரா மின்திட்டம். 1932இல் மின்சாரம் வந்தது. அதற்கு ஒரு தலைமுறை கழித்துக் குந்தா. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகளெல்லாம் குந்தாத் திட்டத்தைச் சேர்ந்தவை. அந்தத் தொடரிலேயே ஓர் அணைக்குப் பெயர் போர்த்திமந்து. மந்தின் பெயர் அணையின் பெயரில் தங்கிவிட்டது. மேய்ச்சல் நிலம் அடியில் போய்விட்டது. நீலகிரியின் மேட்டுப் பள்ளத்தாக்குகளில் தோடர்களின் மேய்ச்சலும் புனித இடங்களும் இப்படி நீருக்குள் போனது கொஞ்சநஞ்சமில்லை. இனி இதையும் சேர்த்துப் பாருங்கள். 1950களில் தொடங்கிய குந்தாத் திட்டத்துக்குக் கொழும்புத் திட்டத்தின் கீழ் பணமும் எந்திரமும் தொழில்நுட்பமும் கொடுத்த நாடு கனடா. தன் நாட்டுக் கொடை விருந்துத் தடைச் சட்டத்தை 1951இல் நீக்கிய அரசு, சில ஆண்டுகளில் நல்ல எண்ணத்தோடு இன்னொரு மலைப் பழங்குடியின் புல்வெளியில் அணை கட்ட உதவியது. இதில் சதி எதுவும் இல்லை. சமவெளிக்கு மின்சாரம் தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் ஆலைகள் அதில் ஓடின. நாமெல்லாம் அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள். ஆனால் கணக்கென்று ஒன்று எழுதினால் இந்தப் பற்றும் அதில் இருக்க வேண்டும்.

இப்போது புல்லுக்கு வருகிறேன். அவுல் புல்லின் தாவரவியல் பெயர் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி. ரங்காச்சாரி என்பது கடம்பி ரங்காச்சாரி. தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921இல் கையேடு எழுதிய தாவரவியலர். அதற்கு முன் சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டனுக்குத் துணையாக இருந்து, 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ நூலுக்கு உழைத்தவர். தோடர்களைப் பற்றி எழுத உதவியவரின் பெயரே தோடர் கோயில் கூரைப் புல்லுக்கும் அமைந்துவிட்டது. தாவரவியலில் இப்படி ஒரு பொருத்தம் அடிக்கடி வாய்க்காது.

அந்தப் புல் எங்கும் முளைக்காது. உயரமான மலையின் சதுப்பில், தண்ணீர் ஊறி நிற்கும் தாழ்விடங்களில் மட்டுமே வளரும். நீலகிரியின் மேட்டு நிலத்தை முன்பு பார்த்தவர்கள் ஒரே அமைப்பைத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்: மேலே புல்வெளி, மடிப்புகளில் சோலை, சோலைக்குக் கீழே சதுப்பு, சதுப்பிலிருந்து ஓடை. மழையைப் புல்வெளி வாங்கும், சோலை வைத்துக்கொள்ளும், சதுப்பு கொஞ்சம் கொஞ்சமாக விடும். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் புல்வெளி வெற்றிடமாகத் தெரிந்தது. தரிசு என்று கணக்கில் எழுதினார்கள். 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகையும் வந்தன. விறகுக்கென்று ஆரம்பித்தது, சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் செயற்கை நூல் ஆலைக் கூழுக்கும் என்று வனத்துறையின் பெருந்தோட்டமானது. தேயிலை இன்னொரு பக்கம். சதுப்பை வடித்து உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டது வேறொரு பக்கம். கற்பூர மரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதை நீலகிரிக்காரர்கள் யாரும் ஆய்வறிக்கை படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஓடை வற்றுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

எருமைகளுக்கும் இதில் பங்கு உண்டு. மேயும் எருமை புல்வெளியில் புதர் ஏறாமல் பார்த்துக்கொண்டது. கோடையில் தோடர்கள் பழம்புல்லுக்கு நெருப்பு வைத்துத் தளிருக்கு வழிவிட்டார்கள். காட்டில் தீ என்றால் குற்றம் என்பது வனச் சட்டத்தின் நிலைப்பாடு. மேய்ச்சல் சுருங்கியது, எருமை குறைந்தது, தீ நின்றது, சீகை ஏறியது. எருமை குறைந்தால் பால்மனைக்கு வேலை குறையும்; சதுப்பு குறைந்தால் பால்மனைக்குக் கூரை குறையும். இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள்.

மிஞ்சியிருக்கும் நல்ல சதுப்புகளில் பல இன்று காப்புக்காட்டுக்குள்ளோ முக்குருத்தி தேசியப் பூங்காவை ஒட்டியோ இருக்கின்றன. அங்கே போய்ப் புல் அறுப்பதற்கு வனத்துறையின் இசைவு வேண்டும். கோயில் கூரை என்றால் அதிகாரிகள் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஆனாலும் கேட்டுப் பெறுவது வேறு, உரிமையாக எடுப்பது வேறு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப் பொருள்களுக்குச் சமூக உரிமையை அங்கீகரிக்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற ஆணை ஒன்றால் பட்டா வழங்குவது 2016 வரை தடைப்பட்டுக் கிடந்தது. சட்டம் வந்து பத்து ஆண்டுகள் காகிதத்தில் போனது.

ஹைடா மக்கள் பக்கம் ஒரு நிமிடம் திரும்பலாம், ஏனென்றால் அங்கும் கேள்வி இதே இடத்துக்குத்தான் வந்து நின்றது. 42 அடி மரம் செதுக்க வேண்டுமானால் பல நூறு வயதான தேவதாரு வேண்டும். அதே மரங்கள்தான் மர நிறுவனங்களுக்கும் வேண்டியிருந்தன. 1985இல் லைல் தீவில் ஹைடா மக்கள் வெட்டுச் சாலையை மறித்து நின்றார்கள். 72 பேர் கைதானார்கள். முதலில் கைதானவர்கள் முதியவர்கள். 1993இல் ஹைடா அரசவையும் கனடா அரசும் அந்தப் பகுதியைச் சேர்ந்து நிர்வகிக்க ஒப்பந்தம் செய்தன. அதன் இருபதாம் ஆண்டு நினைவாக 2013 ஆகஸ்ட்டில் அதே தீவில் ஜாலன் எடன்ஷா செதுக்கிய 42 அடி மரத்தை நூற்றுக்கணக்கானவர்கள் கயிறு பிடித்து நிறுத்தினார்கள். மரத்தின் நடுவில் கைகோத்து நிற்கும் மனிதர்கள், சாலையை மறித்தவர்கள்தான். 2024இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் அந்தத் தீவுக்கூட்டத்தின் மீது ஹைடா மக்களின் உரிமையை முறையாக ஏற்றுக்கொண்டது. சடங்கைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் காட்டில் போய் நின்றதால்தான் இது நடந்தது. மரம் கிடைக்கும் காடு கையில் இல்லாவிட்டால் டேவிட்சன் வீட்டுக் கூடத்தில் மீட்ட பாடலுக்குப் பாட இடமிருந்திருக்காது.

வேறுபாடுகளும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. ஹைடா மரத்தை யாரும் புதுப்பிப்பதில்லை. அது சாயும், பாசி பிடிக்கும், மண்ணாகும். வேண்டுமானால் வேறு இடத்தில் வேறு மரம் எழும். யுனெஸ்கோ 1981இல் உலக மரபுச் சின்னமாக்கிய ஸ்காங் குவாய் கிராமத்தில் பழைய மரங்கள் நின்ற இடத்திலேயே சாய்ந்துகொண்டிருக்கின்றன. தோடர் கோயிலோ அதே வட்டத்தில் அதே வடிவில் திரும்ப எழ வேண்டும். அங்கே மூப்பு அனுமதிக்கப்படுகிறது, இங்கே இல்லை.

நீலகிரியிலேயே பக்கத்து வீட்டைப் பார்ப்பதும் நல்லது. கோத்தர்கள் இரும்படிப்பார்கள், பானை வனைவார்கள், கருவி வாசிப்பார்கள். தோடர் எருமை நெய் கொடுத்தார், படுகர் தானியம் கொடுத்தார், குறும்பர் காட்டுப் பொருள் கொடுத்தார் என்ற பழைய கொடுக்கல் வாங்கலில் கோத்தர் இசை இல்லாமல் தோடர் சாவுச் சடங்கு முன்பு நடந்ததில்லை. அவர்களுடைய ஆண்டுத் திருவிழாவிலும் கோயிலைப் புதுக்குவது ஒரு கட்டம். இன்று கோயில்கள் உறுதியான கட்டடங்களாகிவிட்ட ஊர்களிலும் காட்டிலிருந்து மூங்கிலும் பிரம்பும் கொண்டுவருவதை அவர்கள் விட்டுவிடவில்லை. எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் முழங்கித் திருவிழாவைத் திறக்கும். கடைசியில் பெண்களும் ஆடுவார்கள். கூரை மாறிவிட்டாலும் கூரை மாற்றும் சடங்கு தங்கியிருக்கிறது. தோடர்களுக்கு அந்தச் சலுகை உதவாது என்பது என் எண்ணம். கோத்தர் விழாவின் உயிர் இசையில் இருக்கிறது. மூங்கில் அடையாளமாகச் சுருங்கினாலும் கொல் என்ற குழலும் கொம்பும் முழங்கும். மூன்போவில் புல்லை எடுத்துவிட்டால் எதை வைத்து அதை மூன்போ என்பது?

வீடுகளில் அது ஏற்கெனவே நடந்துவிட்டது. பத்தடி உயரம், பதினெட்டு அடி நீளம், ஒன்பது அடி அகலம், மூன்றடி வாசல் என்று புத்தகங்களில் வரும் அந்த வளைகூரை வீட்டில் இன்று மிகச் சிலரே வாழ்கிறார்கள். அரசுத் திட்டங்களில் கான்கிரீட் வீடுகள் வந்தன. ஊட்டிக் குளிரில் தவழ்ந்து உள்ளே போய்ப் புகைக்குள் வாழுங்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நேராக நிமிர்ந்து நுழையும் வாசல் யாருக்கும் வேண்டியதுதான். இதில் ஒரு வேடிக்கை மட்டும் உண்டு. தோடர்கள் விட்டுவிட்ட வடிவத்தைச் சுற்றுலாக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிமெண்டில் வளைத்து, புல் வண்ணம் பூசி, செல்ஃபிக்கு நிறுத்தியிருக்கும் ‘தோடர் குடில்களை’ மலையில் பல இடங்களில் பார்க்கலாம். அவற்றுக்குக் கூரை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

சீகையை அகற்றும் வேலை அண்மை ஆண்டுகளில் நடக்கிறது. நல்லது. ஆனால் வெட்டியவுடன் புல்வெளி திரும்பிவிடாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து முளைக்கும். சதுப்பு திரும்புவது அதைவிட மெதுவான காரியம். அதற்கு ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்கள் வேண்டும். எந்தச் சதுப்பில் முன்பு அவுல் நின்றது, எந்த மாதம் அறுக்க வேண்டும், எந்த மூங்கில் வளையும், எது ஒடியும் என்று தெரிந்தவர்கள் மந்துகளில் இன்னும் இருக்கிறார்கள். வனத்துறையின் மீட்புத் திட்டத்தில் அவர்கள் தினக்கூலிக்குச் செடி பிடுங்க அழைக்கப்படுவதோடு நிற்கக்கூடாது. எந்தச் சதுப்பு முதலில் என்று முடிவு செய்யும் மேசையில் அவர்கள் உட்கார வேண்டும். பண்டிகைக்கு நிதி, கலைவிழாவுக்கு மேடை, குடியரசு நாள் அணிவகுப்பில் ஆட்டம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. கொடுக்காமல் இருப்பது சில ஏக்கர் சதுப்பும் அதில் அரிவாள் வைக்கும் உரிமையும்தான்.

முத்தநாடு மந்துக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் மதிலுக்கு வெளியே நின்று பாருங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். திரும்பும் வழியில் பைக்காரா பக்கமோ அவலாஞ்சிப் பக்கமோ போனால், சாலையோரச் சரிவின் அடியில் நீர் ஊறி, புல் இடுப்பளவு நிற்கும் ஒரு பள்ளம் கண்ணில் படலாம். அதற்குப் பெயர்ப்பலகை இருக்காது, அனுமதிச் சீட்டும் கிடையாது. அங்கேயும் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் பாருங்கள். கோயிலின் பாதி அங்கேதான் இருக்கிறது.